மாமனார் வீட்டுப் புகைபோக்கி

ஒலியைவிட வேகமாகக் காற்றைப் பாய்ச்சி, அதில் ராக்கெட்டின் சிறிய மாதிரிகளை வைத்துச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்கத் தொட்டியில் அடைத்த காற்று சில வினாடிகளில் தீர்ந்துவிடும். அந்த வினாடிகளை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கத்தான் சம்பளம். கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் என் மாமனார் இதை ஒரு வேலையாகவே மதித்ததில்லை.

என் யோசனை எளியது. காற்று வெளியேறும் வழியில் உள்ள இடுக்கு, ஓட்டம் தொடங்கும்போது அகலமாக இருக்க வேண்டும். ஓட்டம் வேகம் பிடித்ததும் குறுக வேண்டும். அப்படிச் செய்தால் குறைந்த அழுத்தத்திலேயே சுரங்கம் ஓடும், காற்று மிச்சமாகும். ஆனால் அசையும் பாகம் என்றாலே எங்கள் அலுவலகத்துக்குப் பயம். ஒவ்வொரு முறையும் பாராட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

போன டிசம்பரில் நாயுடுபுரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனபோது மாமியார் குளிருக்கு அடுப்படியில் சுருண்டு படுத்திருந்தார். கூடத்தில் விறகு போட்டுக் குளிர்காயக் கணப்பு இருக்கிறது. மூட்டினால் புகை உள்ளேயே திரும்பி, அவருக்கு இருமல் பிடித்துக்கொள்ளும்.

"காத்துக்குத்தானே படிச்சிருக்கீங்க மாப்ள, இத வெரசா சரி பண்ணுங்க" என்றார் மாமனார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கொத்தனாரை அழைத்துவந்து புகைபோக்கியின் கழுத்தை அகலமாக்கினேன். துளிப் புகை இல்லை. சூடும் இல்லை, எல்லாம் மேலே போய் மேகத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. மாமியார் கணப்புக்கு முன்னால் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கினார்.

"முன்னாடி இருமுனாலும் கதகதப்பா இருந்துச்சுங்க" என்றார், என்னைக் குறை சொல்ல மனமில்லாமல்.

வெட்கமாகப் போயிற்று. அப்புறம்தான் உறைத்தது: தொடங்கும்போது அகலம், பிடித்ததும் குறுகல். அலுவலகத்தில் வருஷக்கணக்காக மன்றாடியதை வீட்டில் நானே மறந்திருக்கிறேன்! பிஸ்கட் டின் மூடி ஒன்றை வெட்டி, கம்பி கட்டி, கழுத்தில் பொருத்தினேன். விறகு நன்றாகப் பற்றியதும் கம்பியை இழுத்துப் பாதி மூடினேன். புகை மேலே போயிற்று, சூடு கூடத்தில் தங்கியது. மாமியார் ஸ்வெட்டர்களைக் கழற்றிவிட்டு அங்கேயே தூங்கிப்போனார். எந்தச் சோதனை முடிந்தும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

மாமனார் கம்பியை இழுத்து இழுத்துப் பார்த்தார். "இதுக்கா இம்புட்டு வருஷம் படிச்சீங்க?"

லீவு முடிந்து போனதும் என் யோசனையை மறுபடி கூட்டத்தில் வைத்தேன்.

"இது வேற எங்கயாவது ஓடுதா?" என்றார் அதிகாரி.

"ஓடுது சார்."

"எங்க?"

மாமியாருக்கு இருமல் நின்றுவிட்டதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு கோப்பை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.