அரிமளம் வழியாக மணமேல்குடிக்கு ஒரு ஜெனரேட்டர்

சின்ன டிரெய்லரில் ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பும் நண்பர்கள் சிலர், அதை எங்கே வைப்பது, எப்படிக் கட்டுவது என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே பயணத்தில் கற்றது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம், புதுக்கோட்டையிலிருந்து அரிமளம், அறந்தாங்கி வழியாக மணமேல்குடிக்குப் போனோம். நாற்பத்தைந்து மைல் சொச்சம் இருக்கும்.

மணமேல்குடியில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். ஆனால் அக்கா என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் பையனின் காதுகுத்துக்கு நான் போன பஸ் வெள்ளத்தில் மாட்டி நின்றுவிட்டது. என் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையை எங்கள் பெரியப்பா மகன் மடியில் உட்கார்த்திக் காது குத்திவிட்டார்கள். பஸ் நின்றதற்கு நான் என்ன செய்ய? அதெல்லாம் அவளிடம் எடுபடவில்லை. இந்தத் தடவை முதல் நாள் சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் சீர் வந்து இறங்காவிட்டால், மாமன் மாலையையும் அந்தப் பெரியப்பா மகனே போடட்டும் என்று அத்தான் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவர்கள் தெருவுக்கு அப்போது கரண்ட் வரவில்லை. நான் புதுக்கோட்டையில் ரேடியோ கடை வைத்திருந்தேன். பந்தல் முழுக்க லைட் போட்டு அக்காவை அசத்திவிட வேண்டும் என்று ஒரு வெறி. தெரிந்தவரிடம் பெட்ரோல் ஜெனரேட்டரும், பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப்பும், அதன் இரண்டு சக்கர டிரெய்லரும் கேட்டு வாங்கினேன். ஜீப்போடு டிரைவர் காதரும் வந்தார்.

புதுக்கோட்டையில் எல்லாம் சரியாகத்தான் செய்தோம். டிரெய்லரின் தளத்தில் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் நாலு ஓட்டை போட்டு, பழைய டயர்த் துண்டுகளை அடியில் கொடுத்து, போல்ட் முடுக்கினோம். ஜெனரேட்டர் டாங்கியிலிருந்து பெட்ரோலை வடித்து, தனி டின்னில் அடைத்து ஜீப்பில் வைத்தோம். அரிமளம் வரை டிரெய்லர் சொன்ன பேச்சுக் கேட்டு வந்தது.

அரிமளம் என் மனைவி தெய்வானையின் ஊர். சீர்ப் பலகாரம், பட்டு, வெண்கலப் பானை எல்லாம் அங்கேதான் தயாராகி இருந்தன. ஏற்றப்போகும்போது மாமியார் தடுத்தார். சீர் முன்னால் போகவேண்டும், எண்ணெய் வடியும் மிஷினுக்குப் பின்னால் மஞ்சள் குங்குமம் போவதா என்றார். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது, அதுதான் வேடிக்கை! போல்ட்டைக் கழற்றி ஜெனரேட்டரை வால் பக்கம் தள்ளி, அங்கே ஓட்டை இல்லாததால் வெறும் கயிற்றால் கட்டினோம். தாம்பாளங்கள் முன்னால் உட்கார்ந்தன. தெய்வானையும் எங்களோடு ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

அரிமளம் தாண்டியதும் காதர் கண்ணாடியையே பார்க்க ஆரம்பித்தார்.

"அண்ணே, பின்னாடி வண்டி வால ஆட்டுது. ஸ்டேரிங் எனக்கு அடங்கல," என்றார்.

மெதுவாகப் போகலாம் என்றால் பொழுது போய்விடும். வேகமாகப் போனால் இன்னும் ஆடுகிறது. ஒரு மதகின் மேல் ஏறி இறங்கியபோது, பின்பாரம் தாங்காமல் கொக்கியின் பூட்டு விட்டுப் போனது. டிரெய்லர் வாலைத் தரையில் ஊன்றி மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. ஜெனரேட்டர் பின்பலகை வரை சறுக்கி, அதில் சாய்ந்து கிடந்தது. பானை ஒன்று ரோட்டில் உருண்டது.

அந்த இடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, அறந்தாங்கியே இன்னும் வரவில்லை. பெரியப்பா மகன் மாலையோடு நிற்பது கண்ணெதிரே தெரிந்தது.

பாரத்தை மறுபடி முன்னால் கொண்டுபோனால்தான் ஊர் போய்ச் சேருவோம் என்று தெரிந்துபோயிற்று. மனைவியிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தயங்கினேன். அவளோ தாம்பாளத்திலிருந்து மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்து ஜெனரேட்டரின் நெற்றி மாதிரி இருந்த இடத்தில் அப்பினாள்.

"இதுவுந்தான் சீரு. இது முன்னால போகட்டும். ஆத்தா கேட்டா நான் சொல்லிக்கிறேன். தூக்குங்க," என்றாள்.

வைக்கோல் வண்டியில் வந்தவர்கள் கைகொடுத்தார்கள். பழைய ஓட்டைகளிலேயே போல்ட்டை முடுக்கினோம். கொக்கிக்குக் கம்பி சுற்றி, சீரைப் பின்னால் அடுக்கினோம். அதற்குப் பிறகு டிரெய்லர் ஆடவே இல்லை. என் நெஞ்சுதான் மணமேல்குடி வரை ஆடியது.

நாங்கள் போய் நின்றபோது கீழ்வானம் மங்கிவிட்டது. பெரியப்பா மகன் புது வேட்டியில், கையில் மாலையோடு பந்தலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் மாலையை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். அக்கா உள்ளேயிருந்து வரவில்லை. சீரை இறக்கினார்கள், குலவை போட்டார்கள், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் முகத்தையே காணோம்.

கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். பாரம் அச்சுக்கு முன்னால்தான் இருக்கவேண்டும், யார் என்ன சொன்னாலும் சரி. கயிற்றை நம்பாதீர்கள், போல்ட் போடுங்கள். பத்து மைலுக்கு ஒருமுறை இறங்கி முடுக்கிப் பாருங்கள். வயரை நீளமாகவே கொண்டுபோங்கள். நான் கொண்டுபோன வயர் பத்தாமல், ஜெனரேட்டரைப் பந்தல் காலுக்கு ஒட்டியே வைக்கும்படி ஆயிற்று.

மூன்றாவது இழுப்பில் அது கிளம்பியது. பந்தல் பளீரென்றது, பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அப்போதுதான் அக்கா வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், வாய் அசைந்தது, சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு தடவை சைகையில் என்னவென்று கேட்டேன். அவள் நேரே நடந்து வந்து என் காதருகில் குனிந்தாள்.

"மொதல்ல இத நிப்பாட்டுடா. ஒங்கிட்ட நான் பேசணும்."

நிறுத்தினேன். பந்தல் இருண்டுபோனது.