நேசன் வாசித்தால் எனக்கு எரியும்

நேசனின் சாவுச் செய்தி முதலில் கனடாவுக்குப் போய், அங்கிருந்துதான் இணுவிலுக்கு வந்தது. சந்தியில் ஓட்டோவை நிறுத்திவிட்டு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையின் மகன் அழைத்தான்.

"மாமா, நேசன் அங்கிள் மோசம் போயிட்டாராம். உண்மையோ?"

"உனக்கு ஆரடா சொன்னது?"

"கேம் குழுவிலை போட்டிருக்கு. போலந்துக்காரன் ஒருத்தன் அழுது எழுதியிருக்கிறான்."

நேசனின் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. விடியப்புறம் ஆஸ்பத்திரியில் உயிர் போனதும் அவனது மகள் துஷி அந்தக் குழுவுக்குத்தான் முதலில் எழுதியிருக்கிறாள். பழத்தைத் தின்னவும் முடியவில்லை, எறியவும் மனம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், துக்கத்துக்கு முன்னால் வந்தது பொறாமை. போலந்துக்காரன் என்னை முந்திவிட்டான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு நான்தான் எழுதவேண்டும் என்றாள் துஷி. "ஐஞ்சாம் வகுப்போடை நிண்டவனைப் பிடிச்சு எழுதச் சொல்லுறியே பிள்ளை" என்றேன். "அப்பாவோடை ஆகக் கூடச் சண்டை பிடிச்சது நீங்கள்தானே மாமா" என்றாள். ஆகவே அவனை அறிந்தவர்களே, பொறுத்துக்கொள்ளுங்கள். 'அவர்' என்று எழுதினால் நேசனே எழும்பிவந்து சிரிப்பான் என்பதால் 'அவன்' என்றே எழுதுகிறேன்.

சின்ன வயது முதல் ஊரில் பகிடிக்காரன் நான். கலியாண வீட்டில் பந்தி நடக்கும்போது நான் நிற்கும் பக்கம்தான் சிரிப்புக் கேட்கும். நேசன் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பேசாமல் போவான். கொழும்பில் கனகாலம் கடையில் நின்று, சிங்களமும் இங்கிலீசும் படித்துக்கொண்டு திரும்பி வந்தவன், துஷி விளையாடிய வீடியோ கேம் ஒன்றில் போய் விழுந்தான். அந்தக் கேமுக்கு, விளையாடுகிற ஆட்களே ஒரு கடலோரக் கிராமத்தைச் செய்து சேர்த்திருந்தார்கள். அதற்கு மொட் என்று பெயர். அந்தக் கிராமத்துச் சனம் கதைப்பதெல்லாம் எழுத்தாகத் திரையில் வரும். அதை ஊர் ஊராய் இருக்கிறவர்கள் தங்கள் தங்கள் மொழிக்கு மாற்றுவார்கள். தமிழுக்கும் சிங்களத்துக்கும் நேசன். அதற்குப் பிறகு, வாய் திறக்காத அந்த மனிதனின் பகிடிக்கு மட்டக்களப்பிலும் மாத்தறையிலும் ரொறன்ரோவிலும் ஆட்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க இணுவில் சந்தி மட்டுமே இருந்தது.

அவன் விட்ட பிழைக்குக்கூடக் கைதட்டல் கிடைத்தது. யார் யாரிடம் சொல்வது என்று தெரியாமல், வெறும் வசனங்களாகத்தான் வேலை வரும். 'போகாதே, எனக்கு இனி யார் இருக்கிறார்கள்' என்று ஒன்று வந்தது. நேசன் அதைப் புருசனைக் கடலுக்கு அனுப்பும் பெண்ணின் பேச்சு என்று நினைத்துவிட்டான். "என்ரை ராசா, இந்த முற்றத்திலை எனக்கு இனி ஆரய்யா துணை" என்று செத்த வீட்டு ஒப்பாரிபோல இழுத்து எழுதினான். மொட் வெளிவந்தபோது பார்த்தால், மீன்கடைக்காரர் ஒருவர் தன் ஆட்டுக்கடாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதைச் சொல்கிறார்! திருத்தவேண்டும் என்று நேசன் தவித்தான். விளையாடுகிறவர்கள் விடவில்லை, ஆட்டுக்கடா அப்படியே இருக்கட்டும் என்று எழுதித் தள்ளினார்கள். நான் பாதை பிழைத்துக் கோண்டாவிலில் கொண்டுபோய் இறக்கினால் எனக்கு ஏச்சு. அவன் பிழை விட்டால் ஊர் ஊராய்ப் புகழ்.

சந்தைக்குப் போகும்போது என் ஓட்டோவின் பின் இருக்கையில் இருந்து புது வசனங்களை வாசிப்பான். என் சம்மதம் இல்லாமல் அவனுக்கு வேலை நடக்காது என்று நான் பெருமையாக நினைத்திருந்தேன். ஒருநாள், நாள் முழுக்கக் கடலில் நின்று ஒரேயொரு மீனோடு வருகிறவனைக் கரையில் நிற்கும் பெண் நக்கலடிக்கும் இடம் வந்தது. நான் சொன்னேன்: "உந்த ஒரு மீனுக்கோ ஐசே வள்ளமும் வலையும் எண்ணையும் கொண்டு போய்க் கடலைக் கலக்கினனீர், வெக்கமாயில்லையோ?"

"நீ சொல்லி முடிக்க மீன் நாறிப்போம். எழுத்து வாற பெட்டி சின்னன், உன்ரை வாய் பெரிசு."

"அப்ப நீ சொல்லு பாப்பம்."

"அவள் அவனோடை கதைக்கமாட்டாள். மீனைப் பார்த்துக் கேப்பாள்: பாவம், தனியவோ வந்தனி?"

நான் "பரவாயில்லை" என்றேன். உள்ளே பற்றி எரிந்தது. அவன் ஏனோ சந்தோசமாக இறங்கிப் போனான்.

செத்த வீட்டுக்கு மாத்தறையிலிருந்து நில்மினி என்ற பெண் வந்திருந்தாள். சிங்கள வேலையை நேசன் பிறகு அவளிடம்தான் கொடுத்திருந்தான். பெண்சாதி பிள்ளைக்கு அடுத்ததாக அழுதது அவள்தான். அதையும் நான் கவனித்தேன். தேத்தண்ணீர் கொடுக்கப் போனபோது கொஞ்சத் தமிழில் கேட்டாள்.

"நீங்க கணேசு அண்ணைதானே? உங்களைப் பத்தி ஐயா நிறைய சொல்லியிருக்கார்."

"நல்லாச் சொல்லியிருக்க மாட்டானே."

"ஐயா சொல்லுவார், அண்ணை சிரிச்சா அந்த வசனம் வேணாம், அழிக்கணும். அண்ணை முகம் கறுத்துப் 'பரவாயில்லை' சொன்னா, அதுதான் நல்லம். அதை வைக்கணும்."

இத்தனை நாளும் நான் மறைத்து வைத்திருந்ததாக நினைத்த பொறாமையை, அவன் தராசாக வைத்து நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறான்!

இதற்குள் வேறொரு சிக்கல் இருந்தது. மொட்டின் கடைசிப் பகுதியில் பல இடங்களில் நேசன் இரண்டு விதமாக எழுதி வைத்துவிட்டு, எனக்கு வாசித்துக் காட்ட முன்னமே நெஞ்சு நோவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். ஒன்றைத் தெரிவு செய்து அனுப்பாவிட்டால் அந்தப் பகுதி தமிழ் இல்லாமலே வெளிவரும். "நானே தெரிவு செய்தால் அது என்ரை வசனமாப் போயிடும் மாமா, அப்பான்ரையா இருக்காது" என்று துஷி அழுதாள்.

"வாசி பிள்ளை" என்றேன். "என்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசி."

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த கையோடு இருந்தோம். சில வசனங்களுக்குச் சிரித்தேன், அவள் அழித்தாள். சிலவற்றுக்கு வயிறு எரிந்தது, அவள் வைத்தாள். கடைசியில், கிராமத்தை விட்டுப் போகிறவனுக்கு வள்ளக்காரர் சொல்லும் வசனம்.

"முதலாவது: கடல் நல்லாயிருக்கு, கவனமாய்ப் போயிட்டு வாரும்."

"மற்றது?"

"நீர் குடிச்ச கோப்பையை நான் கழுவமாட்டன். வந்து கழுவும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது என் வாயில் பிறந்திருக்கவேண்டிய பேச்சு. ஐம்பது வயது வரைக்கும் ஊரை நக்கலடித்துத் திரிந்தும், ஒருவனைப் போகவிடாமல் மறிக்கும் நக்கல் ஒன்று எனக்கு வரவில்லையே. வேறு ஆருக்கும் இல்லாமல் இவனுக்குத்தானா வரவேண்டும்!

"மாமா, முகம் நல்லாக் கறுத்துப்போச்சு" என்றாள் துஷி. அழுகையோடு சிரித்தாள்.

"பரவாயில்லை" என்றேன். "அனுப்பு."

நேசனின் பொறுமையையும் நல்ல குணத்தையும் இந்த மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். அவற்றை அவர்களே வைத்திருக்கட்டும். சிங்களத்தை நில்மினி பார்ப்பாள். நான் அவனிடமிருந்து எடுத்துக்கொள்வது இந்த வயிற்றெரிச்சலை மட்டும். உலகமெல்லாம் அவனை நினைத்து அழலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் நேசனைப் பார்த்து இப்படி எரிவதற்கு உரித்துள்ளவன் நான் ஒருவன்தான். அதில் ஒருவருக்கும் பங்கு கொடுக்கமாட்டேன்.