அண்ணை காப்புறுதி செய்த வீடு

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் அயலவர்களுக்கும் என் வணக்கம். அண்ணையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி பிள்ளைகள் கேட்டார்கள். பிறந்த ஊர், செய்த தொழில், நற்குணங்கள், இவ்வளவும் போதும் என்றார்கள். எழுதுகிறேன். கூடவே, பதினாறு வருடங்களுக்கு மேலாக நான் யாருக்கும் சொல்லாத ஒன்றையும் எழுதப் போகிறேன். முப்பத்தோராம் நாளில் இதெல்லாம் வேண்டுமா என்று யாராவது முகம் சுளித்தால் பொறுத்தருள வேண்டும். இதைச் சொல்ல எனக்கு இனி வேறு இடம் இல்லை.

அண்ணை நயினாதீவில் பிறந்தவர். என்னிலும் பதின்மூன்று வயது மூத்தவர். நான் தவழ்ந்து திரிந்த காலத்தில் எங்களைப் பெற்ற ஐயா காலமாகிவிட்டார். அம்மாவையும் என்னையும் பார்க்க வேண்டிய பொறுப்பு, மீசை அரும்பாத அண்ணையின் தலையில் விழுந்தது. படிப்பை விட்டுவிட்டு, தெற்கே காலி நகரில் எங்கள் ஊரவர் ஒருவர் நடத்திய கடைக்கு வேலைக்குப் போனார். கடையின் மர வாங்குக்குக் கீழே படுத்து எழும்பி, இருபத்தைந்து வயதில் அதே தெருவில் சொந்தக் கடை போட்டார். ஐம்பத்தாறாம் ஆண்டில் ஊரில் எங்களுக்குக் கல்வீட்டுக்கு அத்திவாரம் இட்டவரும் அவர்தான். ஓடு போட்டு முடிந்த அன்று அம்மா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு இனக் கலவரத்தில் கடை எரிந்தது. அண்ணை கட்டியிருந்த சாரத்தோடு வந்து சேர்ந்தார். கடைக்குத் தீக் காப்புறுதி இருந்தபடியால் கம்பனிக்கு எழுதினார். தானாகப் பிடித்த தீ என்றால் உண்டு, கலகக்காரர் மூட்டிய தீ என்றால் இல்லை என்று மறுமொழி வந்தது. பத்திரத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்ததாம். வேறு யாராவது என்றால் அதன்பிறகு காப்புறுதி என்ற பேச்சையே எடுத்திருக்க மாட்டார்கள். அண்ணையோ, வாசிக்காமல் கையெழுத்து வைத்தது தன்னுடைய பிழை என்று சொன்னார். காலிப் பக்கம் இனித் தலைவைத்தும் படுப்பதில்லை என்றும் சொன்னார்.

பிறகு ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக வேலை பார்த்தார். முதல் வேலையாக, யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு கம்பனியில் எங்கள் வீட்டைத் தீக்கும் சூறாவளிக்கும் காப்புறுதி செய்தார். இந்த முறை பத்திரத்தை அகராதி வைத்து வரிவரியாக வாசித்தார். ஊரில் அது பெரிய பகிடியாகப் போய்விட்டது. "அம்மன் காவல் இருக்கேக்கை கம்பனிக்காரனோ காப்பான்?" என்று சங்கக்கடை வாசலில் கேட்பார்கள். "அம்மன் ஆளைக் காப்பா. ஓடு வாங்கித் தரமாட்டா" என்று அண்ணை சிரிக்காமல் சொல்வார். வள்ளத்தில் போகிறவர்கூட, "இதுக்கும் காப்புறுதி இருக்கோ?" என்று அண்ணையைக் கண்டால் கேட்காமல் விடமாட்டார்.

அறுபத்து மூன்றில் எனக்கு நாரந்தனையில் சம்பந்தம் சரிவந்தது. அண்ணை அந்த வீட்டையும் வளவையும் என் பெயருக்குச் சீதனமாக எழுதினார். தனக்கென்று ஒரு மூலையைக்கூட வைத்து எழுதவில்லை. சீதன உறுதிப் பத்திரம் எழுதி முடிந்த கையோடு தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வளவின் பின்பக்கக் கொட்டிலுக்குப் போய்விட்டார். அவருக்கும் காரைநகரில் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். தங்கை குடும்பம் கால் ஊன்றட்டும், பிறகு நாள் வைப்போம் என்று பெண் வீட்டாரிடம் சொல்லியிருந்தார். வருடம் பிறந்ததும் வழக்கம்போல வீட்டின் காப்புறுதிக் கட்டணத்தைத் தன் பெயரில் கட்டினார்.

வீடு கைமாறினால் கம்பனிக்கு அறிவிக்க வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரி உண்டு. அண்ணை அதையும் வாசித்தவர்தான். தங்கைக்குக் கொடுத்ததை அவர் கைமாறியதாக நினைக்கவில்லை.

அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழிச் சூறாவளி எங்கள் தீவுகளைப் படுத்திய பாட்டை இதை வாசிக்கிறவர்களில் பலர் அறிவீர்கள். விடிந்து பார்த்தபோது எங்கள் வீட்டின் பாதிக் கூரை இல்லை. மீதிப் பாதியின்மேல் பனை விழுந்து கிடந்தது. அயலெல்லாம் ஓடி ஓடி முற்றம் கூட்டி, தென்னங்கிடுகு தேடி, கிடைத்ததால் மூடிக்கொண்டிருக்க, அண்ணை மட்டும் எங்கள் வளவுப் படலையில் நின்று உதவிக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்.

"விளக்கு வைக்கிற வீடு இப்பிடிக் கிடக்கலாமோ?" என்று அம்மா கத்தினார்.

"கம்பனியாள் வந்து பாக்குமட்டும் ஒரு ஓடும் அசையக் கூடாது அம்மா. அப்பிடித்தான் சட்டம்."

இரண்டு கிழமைக்கு மேல் அந்தக் குப்பைக்குள் நடந்து திரிந்தோம். என் மாமியாரும் நாரந்தனையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, இது என்ன கோலம் என்று தலையில் கைவைத்தபடி எங்களோடு தங்கிவிட்டார்.

ஒருநாள் முற்பகல் கம்பனியிலிருந்து வயதான ஒருவர் வள்ளத்தில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். அண்ணை எழுதி வைத்திருந்த விபரத்தை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, "இப்பிடி ஒழுங்காய் எழுதி வைச்ச ஆளை நான் கண்டதில்லை" என்று மெச்சினார். அண்ணையின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்குமுன் கண்டதில்லை. இந்தமுறை எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன் என்ற மலர்ச்சி அது. நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன்.

"பிள்ளை ஆர்? தங்கச்சியோ? இங்கைதான் இருக்கிறீரோ?" என்று அவர் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

"ஓம். இது என்ரை வீடுதானே. அண்ணை சீதனமாய் எழுதித் தந்தவர்."

மாமியார் கதவடியில் நின்றார். அவர் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் புதுப்பெண்ணுக்குச் சீதன வீடுதான் முதுகெலும்பு. அந்த வீடு ஓடில்லாமல் கிடந்தபடியால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்ந்துகொண்டேன்.

பெரியவர் எழுதுவதை நிறுத்தினார்.

"தம்பி, அப்ப உறுதி ஆற்றை பேரிலை?"

"தங்கச்சியின்ரை பேரிலைதான்" என்றார் அண்ணை. சொன்ன பிறகுதான் அவருக்கும் விளங்கியது. அந்த மலர்ச்சி அப்படியே வடிந்துபோனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப வீட்டுக்காரர் நீர் இல்லை. உம்மடை பேரிலை கட்டின காப்புறுதி செல்லாது" என்றார். பிறகு குரலைத் தணித்து, "நான் உறுதியைக் கேக்கேல்லை. எழுதினது பேருக்குத்தான், வீடு இன்னும் என்ரைதான் எண்டு ஒரு கடிதம் தாரும். பாப்பம்" என்றார்.

அண்ணை என்னைப் பார்த்தார். கதவடியில் நின்ற மாமியாரைப் பார்த்தார்.

"அது ஏலாது ஐயா. குடுத்ததைக் குடுக்கேல்லை எண்டு நான் எழுதேலாது. பிள்ளை வாழ வேணும்."

நான் பேசக் கூடாத இடத்தில் பேசினேன் என்று இவ்வளவு காலமும் என்னை நானே நொந்துகொண்டேன். என்னைக் கொல்வது அதல்ல. அதற்குப் பிறகு வாய் திறக்காமல் நின்றதுதான். அண்ணை பொய்க் கடிதம் எழுதியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்த்த அந்த நேரத்தில், மாமியாரின் முன்னால், இது என் அண்ணை கட்டிய வீடு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

பணம் தர முடியாது என்று கம்பனியின் கடிதம் வந்தது. அண்ணை அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த கிழமையே காலிக்குப் புறப்பட்டார். தன் கடை இருந்த அதே தெருவில் வேறொருவரின் கடையில் சம்பளத்துக்கு நின்றார். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு ஓடும் மரமும் வந்தன. காரைநகரார் ஒரு வருடம் பார்த்தார்கள், இரண்டு வருடம் பார்த்தார்கள். பிறகு பெண்ணை வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அண்ணை அதன்பின் கலியாணப் பேச்சுக்கே இடம்கொடுக்கவில்லை. என் பிள்ளைகள் மூவரையும் படிப்பித்தவரும் அவரே. ஒரு நாளாவது, "நீ அண்டைக்கு வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்" என்று பகிடிக்குக்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என் பாரம் குறைந்திருக்கும்.

சென்ற வருடம் நோயாளியாகத் திரும்பி வந்தார். கைத்தாங்கலாகக் கூட்டிவந்தோம். அவர் நேரே பின்பக்கக் கொட்டிலை நோக்கி நடந்தார். நான் மறித்து, முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறது என்றேன். வாசற்படியில் நின்று என்னைக் கேட்டார்:

"உனக்கு இடைஞ்சல் இல்லையோ பிள்ளை? நான் இந்த அறையிலை கிடக்கலாமோ?"

"வாங்கோ அண்ணை, வந்து படுங்கோ" என்றுமட்டும் சொல்லிக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். அந்த அறையில் நாலு மாதம் கிடந்தார். ஒவ்வொரு நாளும் இதையெல்லாம் பேசிவிட வேண்டும் என்று கட்டிலருகில் போய் இருப்பேன். அவர் பிள்ளைகளை விசாரிப்பார். நான் கஞ்சியைப் பருக்கிவிட்டு எழும்பி வந்துவிடுவேன். ஒரு காலை கஞ்சியோடு போனபோது அவர் இல்லை.

அண்ணையை ஆஸ்பத்திரிக்கு வள்ளத்தில் ஏற்றி இறக்கிய கைகளுக்கும், கடைசி மட்டும் மருந்து தந்து பார்த்த வைத்தியருக்கும், காலியிலிருந்து அவ்வளவு தூரம் வந்து பாடைக்குத் தோள் கொடுத்த கடை முதலாளிக்கும், எட்டுச் செலவு, அந்தியேட்டிச் சடங்குகளில் அடுப்படியை விட்டு நகராத அயலட்டைப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் சொல்லத் தவறியவர்கள் மன்னிக்க வேண்டும்.

அண்ணை, வாசற்படியில் நின்று என்னிடம் கேட்டீர்களே, அதற்கு மறுமொழி சொல்லாமல் இருந்துவிட்டேன். ஊரறிய இப்போது சொல்கிறேன். அது உங்களுடைய வீடு. நான்தான் கேட்டுக்கொண்டு உள்ளே வந்திருக்க வேண்டும்.

உங்கள் தங்கை