ஒரு வீட்டுக்கு ஒரு உதவித்தொகை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு நீராவி என்று பேர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இஸ்திரி உருளையின் மூடியை அவசரப்பட்டுத் திறந்து, அடித்த ஆவியில் புருவம் இரண்டையும் பறிகொடுத்தாள். புருவம் திரும்ப முளைத்துவிட்டது, பேர் போகவில்லை. கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அந்த மகள் பள்ளிப் படிப்பை முடித்த பிறகும் கூட வேலை செய்கிறவர்களுக்கு அவள் நீராவி அக்காதான்.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், தரைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. ஜன்னல் கண்ணாடி எப்போதும் வியர்த்திருக்கும், வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. வார்டுகளின் விரிப்புகள் தள்ளுவண்டியில் குவியலாக வரும். அறுவை அரங்கின் பச்சைத் துணிகள் தனிப் பையில் வரும். அவற்றைப் பிரிப்பது அவள் வேலை. ரத்தக் கறையை முதலில் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட வேண்டும், வெந்நீர் பட்டால் கறை உறைந்துவிடும். சில நாள் அந்தத் துணிகளுக்குள் சிக்கிக்கொண்டு ஒரு கத்தரியோ இடுக்கியோ வந்துசேரும். அதை அலசித் துடைத்து மாடிக்குக் கொண்டுபோவாள். அங்கே கருவி அறையில் இருக்கும் நர்ஸ் வாங்கி, அதற்குரிய தட்டில், அதற்குரிய இடத்தில் வைப்பார். அறை சில்லென்று இருக்கும். யாரும் கத்திப் பேசமாட்டார்கள். நீராவி வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கி வருவாள். அந்த அறையில் வேலை பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்பது ஒரு காரணம். சொல்லும்போதே தனக்கும் சிரிப்பு வந்துவிடுமோ என்ற பயம் இன்னொன்று.

சலவையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு கூடத்தை மூடப்போவதாக நிர்வாகம் சொன்னது. அன்று சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கையில சான்றிதழ் இருக்கிறவங்களை வேற பிரிவுல எடுத்துக்குவாங்களாம். நீ பள்ளிக்கூடம் முடிச்சவதானே? தொழிற்கல்லூரியில அறுவை அரங்கு உதவியாளர் படிப்பு ஒரு வருஷம்தான். மத்தியானம் வகுப்பு. காலையில இங்க பாதி ஷிப்ட் பாரு."

"பாதிச் சம்பளத்துல எப்படி சார்?"

"அதுக்குத்தான் உதவித்தொகை தர்றாங்க. கட்டணம் கிடையாது, பஸ் பாஸ் உண்டு, மாசாமாசம் கையில ஒரு தொகை. போய்க் கேளு."

அவள் விண்ணப்பித்தாள். வீட்டில் சொல்லவில்லை. கணவர் மரக்கிடங்கில் இரவுக் காவலாளி, பகலெல்லாம் தூங்குகிறவர். சொல்லத் தோதான நேரம் வாய்க்கவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் உண்மை.

மகளும் அதே மாதிரிதான் நினைத்திருந்தாள். அவளுக்கு ஏசி, ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கிற படிப்பின் மேல் கண். பள்ளிக்கூடத்திலேயே ஓடாத மின்விசிறிகளைப் பிரித்துப்போட்டுத் திட்டு வாங்கியவள். அம்மாவிடம், "ஏதோ போட்டிருக்கேன், வந்தா சொல்றேன்," என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆகவே கல்லூரியின் உதவித்தொகை ஜன்னல் முன்னால் இருவரும் சந்தித்தார்கள். வரிசை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தனக்கு முன்னால் நிற்கிற முதுகு தெரிந்த முதுகாக இருக்கிறதே என்று மகள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா? இங்க என்ன பண்ற?"

"நீ என்ன பண்ற?"

"என்னை உதவித்தொகைக்கு வரச் சொன்னாங்க."

"என்னையும்தான்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எழுத்தர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த மெலிந்த மனிதர். மாணவர்கள் அவரைக் கண்ணாடி சார் என்பார்கள். இரண்டு விண்ணப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே வீடா?"

"ஆமா சார். இது என் மக."

"ஒரு வீட்டுக்கு ஒருத்தருக்குத்தாம்மா குடுக்க முடியும். ரெண்டு பேருக்குமே தகுதி இருக்கு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா விதி அப்படி. யாருக்குன்னு நீங்களே பேசி வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

"ஏன் சார் அப்படி வச்சிருக்காங்க?"

"தெரியலம்மா. நான் இந்த நாற்காலிக்கு வர்றதுக்கு முன்னாடியே வச்சிட்டாங்க."

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். பாதி வழி தாண்டிய பிறகு மகள் கேட்டாள்: "உனக்கு எதுக்கும்மா இப்ப படிப்பு?" குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"வேலை போகப்போகுதில்ல," என்றாள் நீராவி. சொன்னது பொய்யில்லை. ஆனால் அது பாதிதான்.

வீட்டில் கணவர் அப்போதுதான் எழுந்து முகம் கழுவியிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் துண்டால் காதைத் துடைத்தபடி சொன்னார்: "இதுல யோசிக்க என்ன இருக்கு? அவ வாழ வேண்டியவ. நீ விட்டுக்குடு, அவ படிக்கட்டும்."

அவரும் மகளும் நீராவியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் தலையாட்டுவாள் என்று அவர்கள் காத்திருந்தார்கள். அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள். இத்தனை வருஷமும் அந்தத் தலை தானாக ஆடியிருக்கிறது. வீட்டில் ஒரே ஒரு முட்டை இருந்தால், ஒரே ஒரு புதுத்துணிக்குத்தான் வழியிருந்தால், யாராவது ஒருத்தர் வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்தால், யாரும் கேட்காமலே அது முடிவாகிவிடும். அன்றைக்கு ஆடவில்லை.

"இந்தத் தடவை நான் விட்டுக்குடுக்கல," என்றாள்.

கணவர் துண்டைக் கீழே இறக்கினார்.

"அவளுக்கு அடுத்த வருஷமும் இடம் கிடைக்கும். கூடத்தை மூடினப்புறம் என்னை எவன் கூப்பிடுவான்?" என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் நியாயமாகவே இருந்திருக்கும். ஆனால் இன்னொன்றும் சொன்னாள்: "அது மட்டுமில்ல. எனக்கு ஆசையா இருக்கு."

"அப்ப எனக்கு ஆசை இல்லையா?" என்று மகள் கேட்டாள்.

"இருக்கு."

"அப்புறம்?"

மகள் உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நீராவி ஜன்னலுக்குத் தனியாகப் போனாள். "மகளுக்கு இதுல சம்மதம்தானே?" என்று கண்ணாடி சார் கேட்டார். "இல்ல சார்," என்றாள். அவர் பேனாவைப் பிடித்தபடி கொஞ்சம் தயங்கினார். பிறகு எழுதி முத்திரை குத்தினார்.

மகள் ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர்கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனாள். "படிக்க நினைச்ச ஃப்ரிட்ஜுக்குள்ளயே உக்காந்து வேலை பாக்கிறேன்," என்று அப்பாவிடம் சொன்னாள். அம்மாவிடம் சாப்பாடு, சாவி, தண்ணீர் மோட்டார் என்று அளந்துதான் பேச்சு. நாத்தனார் போனில் கூப்பிட்டு, "பெத்த பொண்ணோட போட்டி போட்ட அம்மாவை இப்பதான் பாக்கிறேன்," என்றாள். "நல்லாப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு நீராவி போனை வைத்தாள்.

ஆசைப்பட்டு வாங்கின படிப்பு ஆசையாக இல்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து சலவைக்கூடம், மத்தியானம் ஈரக்கையோடு பஸ், சாயங்காலம் வரை வகுப்பு. மேலே காற்றாடி சுற்ற, பாடம் காதில் விழ விழக் கண் சொருகும். பெஞ்சில் மகள் வயதுப் பிள்ளைகள். முதலில் ஆன்ட்டி என்றார்கள், அவள் குறட்டை விட்ட அன்றிலிருந்து அக்கா என்றார்கள். பாடம் நடத்தியவர் ஓய்வு பெற்ற அரங்கு நர்ஸ், கண்டிப்பானவர். ஒருநாள் நீண்ட மூக்குள்ள இடுக்கியைக் காட்டி அதன் பேரைக் கேட்டார். "கொக்கு," என்றாள் நீராவி. சலவைக்கூடத்தில் அவர்கள் அதைக் கொக்கு என்றுதான் சொல்வார்கள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "டாக்டர் கேக்கும்போது கொக்கைக் குடுப்பியா? சரியான பேரைப் படிச்சிட்டு வா," என்றார். அவள் அந்தப் பேர்களை இஸ்திரி உருளை முன்னால் நின்று முணுமுணுத்துப் பார்த்தாள். பாதி நிற்கும், பாதி ஆவியோடு போய்விடும்.

பாதி வருஷம் தாண்டியதும் உதவித்தொகை நின்றுவிட்டது. மேலிடத்திலிருந்து நிதி இறங்கவில்லை, வந்ததும் தருவோம் என்று பலகையில் ஒட்டியிருந்தார்கள். அடுத்த மாதமும் அந்தத் தாள் அப்படியே இருந்தது, ஓரம் மட்டும் சுருண்டிருந்தது. பஸ் பாஸையும் புதுப்பிக்கவில்லை. கல்லூரிக்குப் பஸ்ஸில் போவாள், திரும்பும்போது நடந்து வருவாள். கால் வீங்கியது. உடற்கூறு தேர்வில் தோற்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீங்கிய காலை வாளித் தண்ணீரில் வைத்து உட்கார்ந்தபடி, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "போதும். நான் விட்டுடறேன். அந்த இடத்தை அவளுக்கே மாத்தித் தரச் சொல்றேன்."

மகள் வந்து எதிரில் நின்றாள்.

"மாத்தித் தர மாட்டாங்க. பாதில விட்டா வாங்கினதையும் திருப்பிக் கட்டணும். அன்னைக்கே விண்ணப்பத்துல படிச்சுப் பாத்தேன்."

"எனக்கு முடியலடி."

"என் வருஷத்தை எடுத்துக்கிட்ட. எடுத்துக்கிட்டு பாதில போட்டுட்டு வந்தா என்ன அர்த்தம்? அதை நான் என்ன பண்றது?" அவள் குரல் உயரவில்லை. குளிர்கிடங்கில் வெடித்த உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சும்மா பலகையைப் பாத்துட்டுத் திரும்பி வராத. ஜன்னல்ல போய் வேற என்ன இருக்குன்னு கேளு."

அன்பாகச் சொன்னதில்லை அது. ஆனாலும் பல மாதங்களில் மகள் அவளிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மறுநாள் நீராவி போய்க் கேட்டாள். கண்ணாடி சார் உடனே மேஜை இழுப்பறையைத் திறந்தார். "அவசர உதவி நிதின்னு ஒண்ணு இருக்கும்மா. பஸ் பாஸுக்கு, மருந்துக்கு, சாப்பாட்டுக்குத் தரலாம்."

"இவ்வளவு நாளா சொல்லவே இல்லையே சார்."

"கேட்டவங்களுக்குத்தான் குடுக்கணும்னு இருக்கு. நானா கூப்பிட்டுச் சொன்னா நிதி தீர்ந்துடும்னு பயம்." அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் களைப்பாகத்தான் இருந்தது.

பாஸ் கிடைத்தது. நிலுவைத் தொகை தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. உடற்கூறை மறுபடி எழுதித் தேறினாள். மதிப்பெண் பிரமாதமில்லை, தேர்ச்சி என்று போட்டிருந்தது. சலவைக்கூடத்தில் இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றிய மாதம் அவளுக்கு மாடியில், கருவிகளைக் கொதிக்க வைத்துச் சுத்தப்படுத்தும் பகுதியில், தற்காலிக வேலை கிடைத்தது. மணிக்கணக்காக நின்றே பார்க்கும் வேலை. கால் வலி போகவில்லை. ஆனால் காலையில் கருவி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது யாரும் அவளை வாசலில் நிறுத்துவதில்லை.

மகளின் முறை வந்தது. இந்தத் தடவை சேர்ந்தே போனார்கள். கண்ணாடி சார் கணக்குப் போட்டுப் பார்த்தார், திரும்பப் போட்டார்.

"அம்மாவுக்கு வேலை கிடைச்சதால குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டுதும்மா. ரொம்ப இல்ல, கொஞ்சம்தான். ஆனா தாண்டிடுச்சு."

"போன வருஷமா இருந்தா?" என்று மகள் கேட்டாள்.

"போன வருஷம் கிடைச்சிருக்கும்."

நீராவிக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. அடுத்த வருஷம் கிடைக்கும் என்று சொன்னவள் அவள். மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"சரி சார்," என்றாள் மகள் கடைசியில். "வேற என்ன இருக்கு?"

கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்றார். கருவிப்பெட்டி வாங்கத் தரும் தொகைக்கு வருமான வரம்பு இல்லை என்றார். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பும் உண்டு, அதற்குக் கட்டணம் குறைவு, ஆனால் ஒரு வருஷப் படிப்பு இரண்டு வருஷமாகும் என்றார். மகள் மூன்றையும் எடுத்துக்கொண்டாள்.

"தவணையை நான் கட்டறேன்," என்றாள் நீராவி.

"கட்டித்தான் ஆகணும்," என்றாள் மகள்.

இப்போது காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். குளிர்கிடங்குக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே அம்மா இறங்க வேண்டும், அதுவரை மகள் அவள் தோளில் சாய்ந்து தூங்குவாள். முழித்திருக்கும்போது சாயமாட்டாள். ஒரு நாள் நெரிசலில் இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தபோது நீராவி கேட்டாள்: "இன்னும் கோபமா?"

"கோபம்தான்."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியல. உக்காந்து சண்டை போட நேரமே கிடைக்கல. ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் மத்தியானம் தாண்டியும் தூங்கினார்கள். கணவர் எழுந்து, கிண்ணங்களை ஓசையில்லாமல் நகர்த்திச் சமைத்து, தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, மீதியைத் தட்டால் மூடிவைத்தார். பொழுது சாயும் நேரம் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு மரக்கிடங்குக்குக் கிளம்பிப் போனார்.