வயிறா, உறியா?

அறுபதுகளின் தொடக்கம். குற்றாலத்தில் ஆனிச் சாரல் பிடித்திருந்த நேரம். தென்காசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் மேஜைமேல் படுத்துக் கிடந்தேன். கூட்டிவந்த என் வீட்டுக்காரரோ, சீசன் ஆயிற்றே, அருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருந்தார்!

புளியங்குடிப் பக்கம் எங்களுக்கு எலுமிச்சைத் தோட்டம். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு கூடை சுமந்ததில் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. இதை யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வது? எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் ஒரே பெயர்தான், வயிற்றுவலி. நானும் அதையே சொன்னேன். எங்கள் ஊர்க் கம்பவுண்டரும் நம்பி, பாட்டில் பாட்டிலாக மருந்து கலந்து கொடுத்தார். நன்றாகப் பசித்தது, நடக்கத்தான் முடியவில்லை.

கடைசியில் தென்காசி டாக்டரம்மாதான் கண்டுபிடித்தார். "தாங்கிப் பிடிக்கிற நாரு நல்லா இருந்தா இழுத்துத் தைச்சிருவோம். இல்லைன்னா கர்ப்பப்பையை எடுக்கணும்மா" என்றார். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. எடுத்துவிடக் கூடாதே என்று தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன்.

முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. காது மட்டும் நன்றாகவே கேட்டது. நெஞ்சுக்குக் குறுக்கே திரை கட்டியிருந்தார்கள். உதவிக்குச் செங்கோட்டையிலிருந்து வந்திருந்த இளைய டாக்டரம்மாவிடம் பெரிய டாக்டரம்மா, "கார்டினல் லிகமென்டைப் பிடிங்க" என்றார். அந்த நாரைத்தான் சொல்கிறார் என்று ஊகித்துக்கொண்டேன்.

"அப்படி ஒரு லிகமென்டே கிடையாது டாக்டர். இது வெறும் ஃபேசியா, சவ்வுதான். எங்க புரொபசர் அப்படித்தான் சொல்லுவாரு" என்றார் இளையவர்.

"நான் படிச்ச புக்குல இதுக்கு ரெண்டு பேரு போட்டிருந்தான். அதுக்கு முந்தின புக்குல வேற பேரு" என்றார் பெரியவர்.

எனக்குப் பயம் ஒரு பக்கம், ஆச்சரியம் ஒரு பக்கம். பெயர் சொல்லத் தெரியாமல் நான் வருஷக்கணக்கில் ஒளித்துவைத்த இடத்துக்குள் இத்தனை பெயர்களா?

"பேரு கிடக்கட்டும். இழுத்துப் பாருங்க, தாங்குதா?" என்றார் பெரியவர். நான் மறுபடியும் எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன்.

"தாங்குது டாக்டர்."

"அப்போ எடுக்க மாட்டீகளா டாக்டரம்மா?" என்று கத்திவிட்டேன்.

நான் விழித்திருப்பதையே மறந்துவிட்ட இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். "எடுக்கலம்மா, நீ சும்மா கெட!" என்றார் பெரியவர். நான் அழுதேவிட்டேன்.

மறுநாள் என்னைப் பார்க்க வந்த பெரிய டாக்டரம்மாவை நான் விடவில்லை. அந்த நாருக்குச் சரியான பெயர்தான் எது என்று கேட்டேன்.

"படிச்ச நாங்களே இன்னும் அடிச்சுக்கிடுதோம். உறியில பானை தொங்குதுல்லா? உன் பானை நல்லாத்தான் இருக்கு. உறிதான் தளந்துபோச்சு. இறுக்கிக் கட்டியிருக்கோம்" என்றார்.

எனக்கு அது போதும். அதன்பிறகு எங்கள் தோட்டத்துக்கு எலுமிச்சை பொறுக்க வரும் பெண்கள் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வயித்தவலி, அக்கா" என்றால், காதோடு கேட்பேன், "ஏட்டி, வயிறா, உறியா?" முதலில் முழிப்பார்கள். விளக்கிச் சொன்னதும், தலையைக் குனிந்தபடி ஒருத்தி, "உறிதான்க்கா" என்பாள். அடுத்த பஸ்ஸில் அவளைத் தென்காசிக்குக் கூட்டிப்போய்விடுவேன். சொல்ல ஒரு சொல் கிடைக்காமல் எத்தனை பேர் பாட்டில் மருந்தைக் குடித்துக்கொண்டே கூடை சுமந்திருப்பார்கள் என்று நினைத்தால், இன்றைக்கும் எனக்கு மனசு பதறுகிறது.