ஏழு தாள், ஒரே செடி

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் தாவரக் காப்பகத்தில், உலர்த்திய செடிகளைத் தாளில் வைத்துத் தைப்பவர் அவர். ஸ்ரீராம்புரத்திலிருந்து வருவார். நரைத்த கிருதா, வலது காதில் எப்போதும் ஒரு வெள்ளை நூல் தொங்கும்.

மலைச்சரிவில் நான் கண்டெடுத்த ஒரு புதர்ச்செடி, இதுவரை யாரும் பதிவு செய்யாத புது இனம் என்று உறுதியானது. அதன் பூத்த கிளைகளை ஏழு தாளில் தைக்கச் சொல்லிக் கொடுத்தேன். சாயங்காலம் போனபோது அவர் ஊசியையே எடுத்திருக்கவில்லை. கிளைகளின் வெட்டுமுனைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏழும் ஒரே செடிதானே சார்?”

“ஆமாங்க. அங்க ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. மத்த ஊர் காப்பகத்துக்கும் அனுப்பணுமே.”

“அப்ப அங்க என்னா மிச்சம் வெச்சீங்க?”

எனக்குக் கோபம்தான் வந்தது. தைக்கிறவருக்கு எதற்கு இந்தக் கேள்வி? அவர் காதிலிருந்த நூலை எடுத்து ஊசியில் கோத்தார்.

செடிக்கு நான் வைத்த பெயர் அச்சில் வந்தது. அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சரிவுக்குப் போனேன். அடிக்கட்டை காய்ந்து நின்றது.

இன்றும் நான் எந்தச் செடியைக் கொடுத்தாலும், அவர் பூவைப் பார்ப்பதற்கு முன் வெட்டுமுனையைத்தான் பார்க்கிறார்.