பூட்ஸ் போட்ட இயேசு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஞாயிறு பள்ளி டீச்சருக்கு இது ஆகாது என்று சபையில் பலர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். நான் மாறுவதாக இல்லை.

போன ஈஸ்டருக்கு முன், எங்கள் தோட்டத்துக் கோயில் பிள்ளைகளுக்கு உயிர்த்தெழுதல் கதையைச் சொன்னேன். கல்லறை வாசலில் அழுதுகொண்டிருந்த மரியாள், எதிரே நின்ற இயேசுவை யாரோ தோட்டக்காரர் என்று நினைத்தாள் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்களுக்குத் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம்தானே! பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் அவர்கள் நினைப்பிலேயே வரவில்லை. நானும் திருத்தவில்லை.

பழைய அட்டை, காய்ந்த தேயிலை, கோந்து, கலர் பென்சில் எல்லாம் கொடுத்தேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி மலைச்சரிவு முழுக்கத் தேயிலையை ஒட்டி, நடுவே இயேசுவை வரைந்தாள். முதுகில் மருந்து பம்பு, முழங்கால் வரை கறுப்பு ரப்பர் பூட்ஸ். அவள் அப்பா தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கிறவர். அந்தப் படத்தைப் பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினேன்.

சனிக்கிழமை கோயிலை அலங்கரித்துக்கொண்டிருந்தபோது டவுனிலிருந்து சபை மூப்பர் வந்தார்.

"என்ன டீச்சர் இது? நாளைக்கு வெளியில இருந்து ஆளுங்க வருவாங்க. கழட்டிடுங்கலா."

"எதுக்குங்கய்யா?"

"ஆண்டவரப் போயி எஸ்டேட்டு ஆளாட்டம்..."

தானா ராத்தா டவுன் பள்ளியில் படித்தபோது என்னை 'எஸ்டேட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று தலையைக் குனிந்துகொண்டு போனேன். அதே சொல்லைப் படம் வரைந்த இந்தப் பெண் கோயிலுக்குள்ளேயே கேட்க வேண்டுமா? அவள் என் பக்கத்தில்தான் பூ கட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கழட்ட மாட்டேன். வேணும்னா என்னைய நிறுத்திட்டு வேற டீச்சரப் பாத்துக்குங்க."

மூப்பர் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கில்ல டீச்சர். உயிர்த்தெழுந்தவரு காலுல ஆணி அடிச்ச காயம் தெரியணும்ல? பூட்ஸப் போட்டு மூடிட்டா எப்படி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் சொன்னாள்: "உள்ள இருக்குங்கய்யா. எங்கப்பாவுக்கும் பூட்ஸுக்குள்ளதான் புண்ணு இருக்கு. வீட்டுக்கு வந்து கழட்டுனாத்தான் தெரியும்."

மூப்பர் முடிவு சொல்லட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, படத்தை இன்னும் ஒரு முழம் உயர்த்தி மாட்டினேன், கடைசி பெஞ்சில் உட்காரும் அவள் அப்பாவுக்கும் தெரியும்படி.